செம்பியன் நகரக் கூடாது

கடலூர் முதுநகரில் குடியிருக்கும் செம்பியன் தன் வாழ்நாளில் கேட்ட கேள்விகள் மிகவும் குறைவு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு இரண்டாவது ஷிப்ட். அங்கே எந்தக் குழாயில் என்ன போகிறது என்றுகூட அவர் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் பெயரைக்கூட மாமனார் தானாகச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போய், மாவட்டம் முழுக்க ஒரு குழந்தையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காற்றைக் குத்த முடியாத நிலைமை வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

கேள்விக்குக் காரணம் அவர் மகள் சிந்துஜா. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். சாயங்கால ரயிலில் முதுநகருக்குத் திரும்புவாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஒரு தெருவும் இரண்டு சந்தும் நடக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஒருவன் பைக்கில் பின்னால் வர ஆரம்பித்தான். முதலில் விசில் அடிப்பான், அப்புறம் வண்டியைப் பக்கத்தில் உரசுவதுபோல் கொண்டு வருவான், அப்புறம் துப்பட்டாவை நோக்கிக் கை நீளும். போலீஸில் சொன்னபோது வண்டி நம்பர் என்ன என்று கேட்டார்கள். வண்டியில் நம்பரே இல்லை என்றதும், நம்பர் இல்லாமல் எப்படித் தேடுவது என்று அவர்களும் வருத்தப்பட்டார்கள்.

அந்த நேரத்தில் செம்பியன் கம்பெனியில் இருப்பார். அவர் மனைவி அமராவதி ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருப்பாள். கூட்டி வர ஆள் கிடையாது.

"இந்த செமஸ்டரோட நிறுத்திடலாங்க. படிப்பு எங்க ஓடிப் போவுது? பொண்ணு பத்திரமா இருந்தா போதும்" என்றாள் அமராவதி.

சிந்துஜா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். செம்பியனுக்குச் சோறு இறங்கவில்லை. எவனோ ஒரு பொறுக்கி விசில் அடிப்பதற்குத் தன் மகள் படிப்பை விட வேண்டுமா?

பக்கத்து வீட்டு பாலகுமார்தான் வழி சொன்னான். "கராத்தே, டேக்வாண்டோன்னு எதுலயாவது சேத்து வுடு மச்சான். ரெண்டே அடி. அவன் தெரு பக்கமே வர மாட்டான்."

"ரெண்டுல எது நல்லது?" என்றார் செம்பியன்.

அதுதான் அந்தக் கேள்வி. பாலகுமாருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவன் சொன்னதோடு விட்டிருக்கலாம். செம்பியன் தெரிந்தவர்களிடம் கேட்கப் போனார்.

முதலில் கடலூர் கராத்தே சங்கத் தலைவர் உத்திராபதி. ஷிஹான் உத்திராபதி என்று சொல்ல வேண்டும். ஆசான்களுக்கெல்லாம் ஆசான் என்று அர்த்தம் என்று அவரே சொன்னார். அறை முழுக்க அவர் பொன்னாடை வாங்கும் படங்கள். ஒன்றிரண்டு படங்களில் அவர் கராத்தேயும் செய்துகொண்டிருந்தார். வயிற்றைச் சுற்றிக் கறுப்பு பெல்ட் எட்டாததால் இரண்டு பெல்ட்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள்.

"கராத்தே ஜப்பான் கலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. தப்பு. போதிதர்மர் இங்கருந்துதான் எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்கருந்து கப்பல் ஏறுனாருன்றீங்க? நம்ம முதுநகர் துறைமுகத்துலருந்து. ஆதாரம் கேட்டா நான் சொல்றதுதான் ஆதாரம்."

"பொண்ணு எவ்ளோ நாள்ல அடிக்கக் கத்துக்கும் சார்?"

"அடிக்கிறதா? மொதல்ல வணக்கம். கராத்தேல வணக்கம் வைக்கிறதே ஆறு மாசம். நான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் அடிச்சதில்ல. அதுதான் கராத்தே."

செம்பியன் வணங்கிவிட்டு, சிதம்பரத்தில் டேக்வாண்டோவும் சொல்லித் தருகிறார்களாமே, அங்கேயும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெள்ளந்தியாகச் சொன்னார். ஷிஹானின் முகம் சுருங்கியது. செம்பியன் அதைக் கவனிக்கவில்லை.

சிதம்பரத்தில் டேக்வாண்டோ சங்கத் தலைவர் ஆரோக்கியராஜ் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இவர் கிராண்ட் மாஸ்டர். இங்கேயும் சுவர் முழுக்கப் பொன்னாடைப் படங்கள்தான்.

"கை எதுக்கு சார் இருக்கு? சாப்புட. கையெழுத்துப் போட. அடிக்கிறதுக்குக் காலு. சிதம்பரத்துல பொறந்தவனுக்குக் காலைத் தூக்கறத கொரியாக்காரன் வந்தா சொல்லித் தரணும்? நம்மகிட்ட பாத்துத்தான் அவன் தூக்குறான்."

"ஒருத்தன் துப்பட்டாவப் புடிச்சு இழுத்தா என்னா சார் பண்றது?"

"புடிக்கக் கூடாது. டேக்வாண்டோல அது தப்பாட்டம். நடுவர் உடனே அவனுக்குப் பாயிண்ட் கொறைப்பாரு."

"முதுநகர் சந்துல நடுவர் இருக்க மாட்டாருங்களே."

"அத மாநகராட்சிகிட்ட சொல்லுங்க" என்றார் கிராண்ட் மாஸ்டர். பிறகு, கடலூரில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார். செம்பியனுக்குப் பொய் சொல்ல வராது.

இரண்டு சங்கங்களும் மாவட்டத் தற்காப்புக் கலைகள் ஒருங்கிணைப்பு மன்றத்தில் அன்றைக்கே புகார் கொடுத்தன. 'எங்கள் கலையை இன்னொரு கலையோடு வைத்து, கத்தரிக்காய் வாங்குவதுபோல் எது நல்லது என்று கேட்டுவிட்டார்' என்று இரண்டு புகாரிலும் ஒரே வாக்கியம் இருந்தது.

மன்றத்தின் தலைவர் வைத்திலிங்கம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் கொசுவைத் தவிர யாரையும் அடித்ததில்லை. அந்த நடுநிலைக்காகவே அவரைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். செம்பியனை வரவழைத்து எதிரில் உட்கார வைத்தார்.

"மன்றம் ஆரம்பிச்ச நாள்லருந்து யாரும் இந்தக் கேள்வியக் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க. இனிமே கேக்காத மாதிரி நாங்க நடந்துக்க முடியாது. ஒப்பாய்வுக் குழு போட்டாச்சு. முடிவு வர்ற வரைக்கும் மாவட்டத்துல ரெண்டு கலையிலயும் வகுப்பு நிறுத்தி வைக்கப்படுது."

"ஐயா, எம் பொண்ணு..."

"உங்க பொண்ணுக்காகத்தானே இந்த ஏற்பாடே? தப்பான கலையில சேந்துட்டா?"

"நான் கேள்விய வாபஸ் வாங்கிக்கறேங்க."

"அது முடியாது. கேள்வி இப்ப மன்றத்தோட சொத்து."

குழுவுக்கு ஒரு நடுநிலைச் சாட்சி தேவைப்பட்டது. இரண்டு கலையின் அடியையும் வாங்கிப் பார்த்து எது எப்படி என்று சொல்ல வேண்டிய ஆள். வைத்திலிங்கம் செம்பியனைப் பார்த்து, கராத்தே தெரியுமா என்று கேட்டார். தெரியாது. டேக்வாண்டோ? தெரியாது. வலி தெரியுமா? அந்தக் கேள்வியின் ஆழம் புரியாமல், தெரியும் என்று சொல்லிவிட்டார் செம்பியன். ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சீக்கிரம் அடி வாங்கி முடித்தால் சீக்கிரம் முடிவு வரும், முதல் சேர்க்கை உங்கள் மகளுக்குத்தான் என்று வைத்திலிங்கம் உறுதி கொடுத்தார். மகளுக்காக நாலு அடி வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று செம்பியனும் நினைத்தார்.

ஆய்வு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. ஒரு வாரம் கடலூர், மறு வாரம் சிதம்பரம். முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பிட்ட பிறகு அடிக்கக் கூடாது, வாந்தி வந்தால் எந்தக் கலையின் வாந்தி என்று தெரியாது என்று சொல்லி ஒத்தி வைத்தார்கள்.

அடுத்த வாரம் செம்பியனின் உடம்பைப் பங்கிட்டார்கள். இடப்பக்கம் கராத்தேவுக்கு, வலப்பக்கம் டேக்வாண்டோவுக்கு. தொப்புளுக்கு இரண்டு சங்கங்களும் உரிமை கோரியதால் அது பொது இடமாக அறிவிக்கப்பட்டது. சாக்கட்டியால் நெஞ்சின் நடுவே கோடு கிழித்தார்கள். விதிமுறைகளை வைத்திலிங்கம் வாசித்தார். முதல் விதி: சாட்சி நகரக் கூடாது. மற்ற விதிகளும் அதுதான், வேறு வேறு வார்த்தைகளில்.

கராத்தே சார்பில் ராஜ்கமல் என்ற இளைஞன் வந்தான். தூண் மாதிரி நின்றான். "ஹேய்!" என்று மண்டபம் அதிர ஒரு கத்தல் கத்தி, இடது விலாவில் குத்தினான். செம்பியன் "ஐயோ!" என்றார். டேக்வாண்டோ சார்பில் சார்லஸ் வந்தான். குதித்துக்கொண்டே இருந்தான். "அய்யா!" என்று கத்தி, வலது விலாவில் உதைத்தான். செம்பியன் "அம்மா!" என்றார்.

பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. 'ஐயோ' என்பது வெறும் அதிர்ச்சி, 'அம்மா' என்பது அடிவயிற்றிலிருந்து வருவது, ஆகவே தங்கள் அடியே ஆழமானது என்றார் ஆரோக்கியராஜ். தடுக்கி விழுந்தால்கூடத்தான் மனிதன் 'அம்மா' என்பான், 'ஐயோ' உயிர் போகும்போது மட்டும் வருவது என்றார் உத்திராபதி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. கடைசியில், அடி எந்தப் பக்கம் விழுந்தாலும் சாட்சி 'வலி உணரப்பட்டது' என்று மட்டும் சொல்ல வேண்டும் எனத் தீர்மானம் ஆயிற்று. அதைச் சொல்ல மூச்சு வேண்டும். மூச்சு வாங்கி அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடிக்கு ஆள் தயாராக நின்றான்.

அடித்த ஒவ்வொரு தடவையும் மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாது என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கராத்தே சங்கம் சிவப்பு போர்த்தினால் டேக்வாண்டோ சங்கம் அதைவிட ஜரிகை ஜாஸ்தி போட்ட பச்சை போர்த்தியது. வீட்டில் அமராவதி முதலில் அவற்றை மடித்து வைத்தாள். பிறகு ஜன்னல் திரையாக்கினாள். பிறகு மிக்ஸிக்கும் டிவிக்கும் உறை தைத்தாள். பிறகு, "உங்களுக்கு எலும்பு ஒடையிற வரைக்கும் எனக்குத் துணி வாங்க வேண்டியதில்ல" என்று சொல்லி அழுதாள். விலாவுக்கு அவள் தைலம் தேய்த்துவிட்டதற்கும் ஆட்சேபம் வந்தது. இடப்பக்கம் இரண்டு கை தைலம், வலப்பக்கம் ஒரு கைதான் என்று ஆரோக்கியராஜ் மோப்பம் பிடித்தே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வகுப்பு நின்ற கோபத்தில் பெற்றோர்கள் செம்பியனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. அவருக்கு மூன்றாவது பக்கமும் கிடைத்தது. பைக்கில் வருகிறவனும் விசிலை நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பியன் நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சாய்ந்திருந்தார். சிந்துஜா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னதாம்பா பண்றாங்க அங்க? செஞ்சு காட்டு."

செம்பியன் எழுந்து, ராஜ்கமல் எப்படி நிற்பான், எப்படிக் கத்துவான் என்று செய்து காட்டினார். சார்லஸ் மாதிரி குதித்தும் காட்டினார். சிந்துஜா சிரிக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னாள்.

"அப்பா, ரெண்டு பேருமே கத்திட்டுத்தான அடிக்கறாங்க?"

"ஆமாம்மா. அது அவுங்க சாஸ்திரம்."

"அப்ப சொல்லிட்டுத்தான வராங்க. கத்துனதும் நவுந்துக்க வேண்டியதுதான?"

"நவுரக் கூடாதுன்னு விதி இருக்குமா."

"அது அவுங்க போட்ட விதி. நீ ஏம்பா நிக்கற?"

 கம்பெனியிலும் வீட்டிலும் ரேஷன் கடையிலும் நில் என்றால் நின்றே பழகியவர் செம்பியன். அன்றிலிருந்து ஹாலில் இருவரும் தலையணையை வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தார்கள். ஒருவர் கத்திக்கொண்டு தலையணையோடு பாய வேண்டும், மற்றவர் ஒரு எட்டு பின்னால் வைக்க வேண்டும். முதலில் மூக்கிலேயே வாங்கினார்கள். அப்புறம் தலையணை காற்றில் போக ஆரம்பித்தது. டிவி பொன்னாடைக்குள் இருந்ததால் பிழைத்தது.

இறுதி ஆய்வு சிதம்பரத்தில் நடந்தது. தனித்தனியாக அடித்ததால்தான் ஒப்பிட முடியவில்லை, இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. செம்பியனை நடுவில் நிறுத்தி, கோட்டைப் புதிதாகக் கிழித்தார்கள். இடப்பக்கம் ராஜ்கமல், வலப்பக்கம் சார்லஸ். வைத்திலிங்கம் கைக்குட்டையை ஆட்டினார்.

"ஹேய்!"

"அய்யா!"

செம்பியனின் கால் அவரைக் கேட்காமலே ஒரு எட்டு பின்னால் போயிற்று. ராஜ்கமலின் குத்து சார்லஸின் தாடையிலும், சார்லஸின் உதை ராஜ்கமலின் வயிற்றிலும் விழுந்தன. ஒருவன் "ஐயோ" என்றான், மற்றவன் "அம்மா" என்றான். கராத்தேயும் டேக்வாண்டோவும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது அந்த ஒரு கணத்தில்தான். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் செம்பியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க நவுந்தீங்க" என்றார் வைத்திலிங்கம்.

"தானா வந்துடுச்சுங்க."

"தானா எப்படி வரும்? இது எந்தக் கலை? எந்த ஆசான்? எந்த பெல்ட்டு?" வைத்திலிங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிஸ்டர் செம்பியன், இது தற்காப்புக் கலை மன்றம். இங்க வந்து ஒருத்தர் தன்னைத் தானே காப்பாத்திக்கிட்டா, அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு? பொன்னாடை எதுக்கு? நாளைக்கு எல்லாரும் இப்படி நவுர ஆரம்பிச்சா மாவட்டம் என்னாத்துக்கு ஆவும்?"

உத்திராபதியும் ஆரோக்கியராஜும் முதன்முறையாக ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். அனுமதியின்றித் தன்னைத் தற்காத்துக்கொண்ட குற்றத்துக்காக செம்பியனும் அவர் குடும்பத்தாரும் மாவட்டத்தில் எந்தத் தற்காப்புக் கலையும் கற்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது செம்பியனுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அடியும் மகளைச் சேர்ப்பதற்காகத்தான் வாங்கினார். கடைசியில் ஒரு எட்டு நகர்ந்து அதையும் கெடுத்துவிட்டாரே! இனி படிப்பை நிறுத்து என்று அமராவதி சொன்னால் பதில் சொல்ல வாய் இல்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கம்பெனிக்கு பாலகுமாரிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், உடனே வா. உம் பொண்ணு..."

மேலே கேட்க செம்பியனுக்குத் தைரியம் இல்லை. பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினார். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே சிந்துஜா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. அவன் விசில் அடிச்சான். நவுந்துக்கிட்டேன்."

மிச்சத்தை பாலகுமார் சொன்னான். விசில் அடித்தவன் வழக்கம்போல் வண்டியை உரசுகிற மாதிரி கொண்டுவந்து துப்பட்டாவுக்குக் கை நீட்டியிருக்கிறான். துப்பட்டா அங்கே இல்லை, அவளும் இல்லை. பிடிக்க எதுவும் இல்லாமல் வண்டியோடு போய் மீன் விற்கும் ரத்தினம்மாளின் ஐஸ் பெட்டிகளுக்குள் தலைகுப்புற விழுந்தான். ரத்தினம்மாள் வேறெதுவும் செய்யவில்லை. கொட்டிய வஞ்சிரத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறவரை அவன் மேல் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்தது. இந்த முறை நம்பர் தேவைப்படவில்லை. அடியில் ஆளே இருந்தான்.

செம்பியன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலையில் கை வைத்தார். எப்போதும் அவளுக்குப் பிடிக்காத செயல் அது. அன்றைக்கு மட்டும் அவள் நகரவில்லை. கடையிலிருந்து ஓடி வந்திருந்த அமராவதி இன்னும் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். படிப்பை நிறுத்தும் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் பரவியது. மறுநாள் காலை முதுநகரில் இரண்டு ஃப்ளெக்ஸ்கள். 'எங்கள் கராத்தே வீராங்கனை சிந்துஜா' என்றது ஒன்று. 'எங்கள் டேக்வாண்டோ சிங்கப்பெண் சிந்துஜா' என்றது மற்றது. இரண்டிலும் அவள் படம் ரேஷன் கார்டு அளவு, தலைவர் படம் ஆள் உயரம்.

சாயங்காலம் உத்திராபதி சிவப்புப் பொன்னாடையோடும் ஆரோக்கியராஜ் பச்சைப் பொன்னாடையோடும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் வைத்திலிங்கம், அவருக்குப் பின்னால் போட்டோக்காரர்.

"குடும்பத்தோட தடை போட்டீங்களே ஐயா" என்றார் அன்றைக்கு லீவு போட்டிருந்த செம்பியன்.

"அது பழைய குழு. கலைச்சாச்சு" என்றார் வைத்திலிங்கம்.

யார் முதலில் போர்த்துவது என்று வாசலிலேயே தகராறு. அது தீராமல் இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். உத்திராபதி இடப்பக்கமிருந்து, "எங்கள் மாணவி!" என்று கத்தினார். ஆரோக்கியராஜ் வலப்பக்கமிருந்து, "எங்கள் மாணவி!" என்று கத்தினார்.

கத்தியிருக்க வேண்டியதில்லை.

சிந்துஜா ஒரு எட்டு பின்னால் வைத்தாள். சிவப்பு ஆரோக்கியராஜின் கழுத்திலும் பச்சை உத்திராபதியின் கழுத்திலும் விழுந்தன. வந்த வேகத்தில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் கடமை தவறாதவர்.

அந்தப் படம் பேப்பரில் வந்தபோது, 'இரு சங்கங்களும் இணைந்தன' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அச்சில் வந்த பிறகு மறுக்க முடியாமல் உண்மையிலேயே இணைந்துவிட்டார்கள். வகுப்புகள் திறந்தன. ஒன்றுபட்ட சங்கம் 'நகர்தல்' என்பதைப் புதிய பாடமாகச் சேர்த்தது. ஓர் ஆண்டுப் படிப்பு. முதல் ஆறு மாதம் வணக்கம். முடிவில் சாம்பல் நிற பெல்ட். சிந்துஜா சேரவில்லை. சிதம்பரத்துக்குப் போய் வருகிறாள். சந்தில் இப்போது பூனைகூட விசில் அடிப்பதில்லை.

ஒரு நாள் செம்பியன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பாலகுமார் வழி மறித்தான். அவன் பையனைச் சேர்க்க வேண்டுமாம்.

"நீதான் ரெண்டையும் வாங்கிப் பாத்தவன் மச்சான். மனசத் தொட்டுச் சொல்லு. கராத்தேவா, டேக்வாண்டோவா? எது நல்லது?"

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். செம்பியன் விலாவைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு எட்டு நகர்ந்து, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.